தகப்பன் என்பதற்கு அத்தாட்சி

நியூ ஜேர்சி
11.01.2025

அன்புள்ள கலிஸ்ரா அக்காவுக்கு,

பதினொரு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இதை நீங்கள் பிரிக்காமலே அடுப்புக்குள் போடக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன். ரெலிபோன் எடுக்கச் சொல்லி நிறஞ்சனா சொன்னாள். பங்குச் சுவாமியிடம் உங்கள் நம்பரை வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் கடைசியாக நாங்கள் இருவரும் கதைத்த கதைக்குப் பிறகு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

நேரே விசயத்துக்கு வருகிறேன். நானும் நிறஞ்சனாவும் வருகிற மே மாதம் ஒரு கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். இங்கிருந்து பெர்முடா என்ற தீவுக்குப் போய், ஏழு நாளில் திரும்புகிற உல்லாசக் கப்பல். படையில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு அந்தக் கொம்பனி கட்டணச் சலுகை கொடுக்கிறது. றஜித் இங்கே கடற்படையில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் பெற்றோராகிய எங்களுக்கும் சலுகை உண்டு. ஆனால் அவனுடைய தகப்பன் நான்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

சிக்கல் பெயரில்தான். அவன் றஜித் மரியநேசன். நான் மரியநேசன் சூசைப்பிள்ளை. நிறஞ்சனாவின் கடவுச்சீட்டில் அவளுடைய தகப்பன் பெயர். எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளையோடு ஒட்டும் என்பது இங்குள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். இவர் எப்படி உங்கள் மகன்?" என்று கொம்பனியில் ஒரு பெண் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், எங்கள் வீட்டுக் கீழறைக்குள் வெள்ளம் புகுந்த வருடம் மற்றப் பத்திரங்களோடு கூழாகிப் போயிற்று. பதிவு இலக்கமும் ஞாபகமில்லை.

முல்லைத்தீவில் ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா அக்கா? அங்கே இல்லையென்றால் கோயிலில் அவனுடைய ஞானஸ்நானப் பதிவாவது வேண்டும். ஏப்ரல் பிறப்பதற்குள் கிடைத்தால் போதும்.

உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். அங்கே கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

தம்பி
நேசன்


நாயாறு
29.01.2025

தம்பி நேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. எனக்கு வருகிற கடிதம் எதையும் நான் எரிப்பதில்லை. எந்த உறைக்குள் என் பிள்ளை கிறிஸ்ரியைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உன்னுடையதையும் அப்படித்தான் பிரித்தேன். உள்ளே உல்லாசக் கப்பல் இருந்தது.

நீயும் மச்சாளும் போகிற அதே மே மாதத்தில்தான் நான் என் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வட்டுவாகலில் ஆமியிடம் ஒப்படைத்தேன். வருகிற மே மாதம் பதினாறு வருடம். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று சொன்னார்கள். அவனுடைய சேட்டின் கையை நானே மடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஏறாத கந்தோர் இல்லை. அவன் என் பிள்ளை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கொடுத்தேன். அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பள்ளிக்கூட றிப்போட்டைக் கொடுத்தேன். ஒப்படைத்தேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பிள்ளையை வாங்கினவர்கள் எனக்கு றிசீற் தரவில்லை. மனு எழுதி எழுதி என் கையெழுத்துத் திருந்தியதுதான் மிச்சம். எட்டாம் வகுப்போடு நின்றவள் இப்படி எழுதுகிறாளே என்று நீ யோசிப்பாய்.

இப்போது உனக்கும் அத்தாட்சி வேண்டுமாம். கப்பலில் கட்டணம் குறைக்க.

செய்கிறேன். உனக்காக இல்லை. றஜித்துக்கு ஞானத்தாய் நான். அவனுடைய அலுவல் ஒன்று என்னிடம் வந்தால் தட்டமாட்டேன். அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு சொல்லும் நீ எழுதவில்லை. முப்பத்துநாலு முடிந்திருக்கும். கலியாணம் கட்டிவிட்டானா? எனக்குச் சொல்லாமலே செய்திருப்பீர்கள். எனக்குக் கோபம் இல்லை. பெண் எந்த ஊர் என்று மட்டும் எழுது.

எதற்காகப் பதிவு என்று கேட்பார்கள். கொம்பனி தந்த படிவத்தின் பிரதி ஒன்றை அனுப்பு.

ரெலிபோன் எடுக்காதே. எனக்கு என் வாயில் நம்பிக்கை இல்லை. எழுதினால் ஒருதரம் வாசித்துப் பார்த்து வெட்டலாம்.

கலிஸ்ரா


நியூ ஜேர்சி
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

படிவத்தின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. நீங்கள் வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. சுவாமியிடமோ கந்தோரிலோ அப்படியே கொடுத்தால் போதும்.

றிசீற் என்று நீங்கள் எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பதில் எழுதிப் பார்த்த இரண்டு தாளையும் கிழித்துவிட்டேன்.

றஜித்துக்குக் கலியாணம் ஆகவில்லை. அவனைப் பற்றிப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன். உங்கள் அலைச்சலுக்கு நன்றி சொல்லச் சொல்லி நிறஞ்சனா சொன்னாள்.

நேசன்


நாயாறு
26.02.2025

நேசன்,

முதலில் வேலையைச் சொல்கிறேன். மற்றதைப் பிறகு சொல்கிறேன். அப்படி எழுதினால்தான் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். பதிவுக் கந்தோரில் விமலேஸ்வரி என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறது. பொறுமையான பிள்ளை. சுனாமியில் கடல் ஏறின வருடம் நனைந்த புத்தகங்கள் பல. அவா ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினா. "அந்த வருசத்திலை ஆறு மாதத்துப் பக்கங்கள் இல்லை அம்மா. கிடந்ததும் ஒட்டிப்போச்சு" என்றா. பதிவைக் காணவில்லை என்று ஒரு கடிதம் தந்தா.

அடுத்த நாள் கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. இடம்பெயர்ந்தபோது அப்போதிருந்த சுவாமி புத்தகங்களை உரப்பைக்குள் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோய்க் காப்பாற்றியவர். 1990 ஓகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. றஜித். தகப்பன் மரியநேசன் சூசைப்பிள்ளை. தாய் நிறஞ்சனா. அதற்கு அடுத்த வரி கிறிஸ்ரி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தலையில் தண்ணீர் ஊற்றினது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது இருக்கிறவர் நிருஷன் சுவாமி. வயது குறைந்தவர். எதற்காக என்று கேட்டார். உன் படிவத்தைக் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவர் பேனையை மேசையில் வைத்தார்.

"அம்மா, இதை ஆரும் உங்களுக்கு வாசிச்சுச் சொன்னவையோ?"

"இல்லைச் சுவாமி. எனக்கு இங்கிலீசு தெரியாது."

"உங்கட தம்பி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"கப்பலிலை போகினமாம். படையிலை இருக்கிறவையின்ர தாய் தகப்பனுக்குச் சலுகையாம்."

அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "படையிலை இருக்கிறவையின்ர தாய் தகப்பனுக்கு இல்லை அம்மா. படையிலை இறந்தவையின்ர தாய் தகப்பனுக்கு."

"ஆள் மாறி எழுதியிருப்பினம் சுவாமி" என்றேன். அவர் திகதியை வாசித்தார். 2016 ஒக்ரோபர் 4.

எட்டு வருடம் நேசன். எட்டு வருடமும் நான் செபமாலை சொல்லும்போது, உயிரோடிருக்கிறவர்களுக்காகச் செபிக்கிற இடத்தில் அவன் பெயரைச் சொல்லி வந்திருக்கிறேன். போன மாதம் கலியாணம் ஆகிவிட்டதா என்று உன்னிடம் கேட்டேன். பெண் எந்த ஊர் என்று கேட்டேன். நீ அதை வாசித்துவிட்டு, ஆகவில்லை என்று பதில் எழுதினாய்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். 2014 ஆம் ஆண்டு நீ ரெலிபோனில், "அக்கா, இனியும் தேடாதேங்கோ. கிறிஸ்ரிக்கு மரணச் சான்றிதழைக் குடுக்கினம் எண்டால் வாங்குங்கோ. மனம் ஆறும்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "நீ ஒருநாளைக்கு உன்ர பிள்ளைக்கு அதை வாங்கிப் பார். அப்ப உனக்கு விளங்கும்."

அதைச் சொல்லி இரண்டு வருடத்தில் நடந்திருக்கிறது.

நான் அவனுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, பசாசை விட்டுவிடுகிறேன் என்று அவனுக்காகச் சொன்ன வாய் இது.

பதிவின் பிரதி மட்டும் காணாது, பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த ஓர் ஆள் சத்தியக்கடதாசியும் முடித்துக் கொடுத்தால் நல்லது என்று சுவாமி சொன்னார். அந்த ஆள் நான்தான். ஆனால் என் கை பட்ட கடதாசி உங்களுக்கு வேண்டுமா என்று நீயும் மச்சாளும் யோசித்து எழுது. வேண்டாம் என்றால் சுவாமி வேறு ஆளைப் பிடித்துத் தருவார்.

கலிஸ்ரா


நியூ ஜேர்சி
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நிறஞ்சனாவுக்கு நான்தான் வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவள் கையை நீட்டி வாங்கினாள். அது இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். றஜித் கப்பலில் ஹெலிகொப்ரர் திருத்துகிற வேலை செய்தான். அன்றைக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பயிற்சி. அவன் திருத்தின ஹெலிகொப்ரரில், சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனும் ஏறிப் போயிருக்கிறான். கடலில் விழுந்தது. இரண்டாம் நாள் உடலை எடுத்தார்கள். அவனோடு இன்னும் இரண்டு பிள்ளைகள்.

வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். நிறஞ்சனா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "றஜித் தம்பியின்ர சிநேகிதர் வந்திருக்கினம். இருக்கச் சொல்லுங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அவர்கள் என்னிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். அவள் தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்தாள். அவர்கள் எழும்பி நின்று அவளுக்கும் சொன்னார்கள். அவள் இரண்டு கோப்பையையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நிலத்தில் இருந்தாள்.

படையில் சேரும்போது, ஏதும் நடந்தால் தன்னைக் கடலில் விடவேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க விட்டார்கள். பிறகு ஒரு கப்பல் அவனைக் கொண்டுபோயிற்று. அதில் தாய் தகப்பனை ஏற்றமாட்டார்கள். மூன்று கிழமை கழித்து ஒரு கடிதமும் மடித்த கொடியும் வந்தன. கடிதத்தில் நேரமும் இடமும் இருந்தன. அப்பு வலை போட்ட இடத்தைக் கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்துத் திரும்பக் கண்டுபிடிப்பார் அல்லவா? இங்கே நேர்பிடிக்க ஒன்றும் இல்லை அக்கா. நடுக்கடல். அகலக்கோடு, நெடுங்கோடு என்று பாகையிலும் கலையிலும் இரண்டு இலக்கம். நிறஞ்சனா அவற்றை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

இந்த எட்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு சீலை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. போன நவம்பர் பல் டொக்டரிடம் காத்திருந்தபோது ஒரு புத்தகத்தில் இந்தக் கப்பல் போகிற பாதையைப் பார்த்தாள். பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். "இந்தக் கப்பல் தம்பிக்குப் பக்கத்தாலை போகுது" என்றாள்.

முழுக் கட்டணத்தையும் கட்டிப் போவோம் என்றுதான் நான் சொன்னேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "அவன்ர பேரிலை போவம். நான் அவன்ர அம்மா எண்டு அவை எழுதித் தரட்டும்" என்றாள். அதனால்தான் இந்தச் சலுகை, இந்தப் படிவம் எல்லாம். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். நான் கட்டணத்துக்கு ஆசைப்பட்டவன் மாதிரி எழுதினேன். அது எனக்குச் சுகமாக இருந்தது.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுதத் தொடங்கி வெட்டியிருக்கிறேன். வெட்டினது உங்களுக்குத் தெரியும். குற்றம் சொன்னேன் அக்கா. மரணச் சான்றிதழை நீட்டினபோது உங்கள் குரல்தான் கேட்டது. மூன்று வருடம் நான் உங்களை வெறுத்தேன். இப்போது இல்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். சொன்னால் உங்களுக்கு நோகும் என்று தெரியும். நோகட்டும் என்று நினைத்தே சொல்லிவிடுவேனோ என்றுதான் சொல்லாமல் விட்டேன்.

ஆனால் ஒன்று. நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். அப்படியிருந்தும் அந்தக் கடதாசியை வாங்க என் கை நீளவில்லை. பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார். உங்கள் கையில் ஒன்றுமே இல்லாதபோது அதை வாங்குங்கோ என்று சொன்னவன் நான். மனம் ஆறும் என்றும் சொன்னேன். நீங்கள் சொன்னது பிழை. நான் முதலில் சொன்னதும் பிழை.

நிறஞ்சனா பின்னால் நின்று இதைப் பார்க்கிறாள். "மச்சாளின்ர கையாலை வந்தால்தான் நான் போவன் எண்டு எழுதுங்கோ" என்கிறாள்.

நேசன்


நாயாறு
22.03.2025

தம்பி நேசனுக்கும் மச்சாளுக்கும்,

ஞானஸ்நானப் பிரதி, பதிவு இல்லை என்ற கடிதம், சத்தியக்கடதாசி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நான்கையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் எழுத்துப் பிழை இருந்தால் உடனே அறிவியுங்கள். சின்னப் பிழைக்கும் திருப்பி அனுப்புவார்கள். எனக்குப் பழக்கம்.

சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் சிவராசா அண்ணரிடம் முடித்தேன். கிறிஸ்ரியின் மனுக்களுக்கும் அவரிடம்தான் போவேன். ரைப் அடித்து முடித்து வாசித்துக் காட்டினார். "காலஞ்சென்ற றஜித் மரியநேசன் என்பவரின் மாமியும் ஞானத்தாயுமாகிய நான்" என்று தொடங்குகிறது.

"ஒப்பம் வையுங்கோ தங்கச்சி" என்றார்.

"அண்ணை, அந்த முதல் சொல் இல்லாமல் முடிக்கேலாதோ?"

"அது இல்லாட்டி இந்தக் கடதாசியாலை பிரயோசனம் இல்லை. அந்தச் சலுகையே அதுக்குத்தானே."

பேனையை வைத்துவிட்டு வெளியில் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருடமாக எத்தனையோ பேர் அந்தச் சொல்லை எழுதி என் முன்னால் நீட்டியிருக்கிறார்கள். ஒப்பம் வைத்தால் அது கிடைக்கும், இது கிடைக்கும் என்றார்கள். நான் வைத்ததில்லை. வைத்தால் என் பிள்ளையை நானே கொன்றதாக ஆகிவிடும் என்று இருந்தேன். சிவராசா அண்ணருக்கு அது தெரியும். அவர் உள்ளேயே இருந்தார். பஸ் ஒன்று போனது. பிறகு நான் உள்ளே போய் ஒப்பம் வைத்தேன்.

என் பிள்ளைக்கு எழுதாத சொல்லை உங்கள் பிள்ளைக்கு எழுதிவிட்டேன்.

நேசன், நான் ஒன்று எழுதப்போகிறேன். இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். வெட்டவில்லை. உன் கடிதத்தில் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டேன் என்று எழுதியிருந்தாய். வாசித்தபோது எனக்கு உன்னில் பொறாமை வந்தது. உனக்கு இரண்டு இலக்கம் இருக்கிறது. இந்தக் கடலில் இந்த இடம் என்று காட்ட ஒரு கடிதம் இருக்கிறது. செத்த பிள்ளையின் தகப்பனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து விட்டார்களே என்று பிறகு அழுதேன். றஜித்துக்காக நான் அழுததும் அப்போதுதான். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

மச்சாள், உம்மிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. என் கையால் வரவேண்டும் என்று நீர் சொன்னதை வாசித்தேன். இந்த உறையை நானே ஒட்டுகிறேன்.

கலிஸ்ரா


நியூ ஜேர்சி
19.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்துவிட்டோம். கடிதம் பிந்தியதற்குக் குறை நினைக்கவேண்டாம்.

உங்கள் கடதாசிகள் சரிவந்தன. ஏப்ரல் நடுவில் கொம்பனியிடமிருந்து பதில் வந்தது. "வாழ்த்துகள், உங்கள் தகுதி உறுதிசெய்யப்பட்டது. எங்கள் நாட்டுக்கு நீங்கள் ஆற்றிவரும் சேவைக்கு நன்றி" என்று இருந்தது. றஜித்தின் பெயருக்கு எழுதியிருந்தார்கள். நிறஞ்சனா அதைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வந்த கடிதம் என்று சொல்லி அவனுடைய அலுமாரிக்குள் வைத்தாள்.

புறப்பட்ட அடுத்த நாள் பின்னேரம் மூன்றரை மணிபோல் கப்பல் அந்த இடத்தைக் கடந்தது. நேராக மேலால் போகவில்லை. ஒன்பது மைல் தள்ளித்தான் போகும் என்று முதலே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். கைப்போனில் இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் சனம் நீச்சல் தொட்டிக்குள் குளித்துக்கொண்டிருந்தது. ஆரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். "இப்பதான் கிட்டின இடம்" என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். கப்பல் வேகம் குறைக்கவில்லை. ஏன் குறைக்கப்போகிறது? ஐந்து நிமிடத்தில் இலக்கம் விலகத் தொடங்கிவிட்டது. அவள் செபம் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "நல்ல துப்பரவான தண்ணி" என்று மட்டும் சொன்னாள். பிறகு அறைக்குப் போய் விடியும்வரை நித்திரை கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. அதற்கு முதல் நாள் நடந்தது.

கப்பல் வெளிக்கிட முன்னம் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே வந்து நிற்கவேண்டும் என்று ஒத்திகை பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் நூறு பேர் அளவில் நின்றோம். ஒரு இளம் பெண் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டாள். என் பெயர், நிறஞ்சனாவின் பெயர், பிறகு றஜித்தின் பெயர். சலுகை அவனுடைய பெயரில் போட்டதால் எங்கள் அறைக்கு மூன்றாவது ஆளாக அவனையும் பதிந்துவிட்டார்கள் போல.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொருதரம் கூப்பிட்டாள். பிறகு ஒலிபெருக்கியிலும் சொல்லுவித்தாள். கப்பல் முழுக்க அவன் பெயர் கேட்டது. எங்கே இருந்தாலும் உடனே இந்த இடத்துக்கு வரவும் என்றார்கள். எல்லோரும் வந்து சேரும்வரை ஒருவரும் கலையக்கூடாதாம். வெயில். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் முணுமுணுத்தார். எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வருவான் என்று அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் அக்கா. நானும் பார்த்தேன்.

நான் போய் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். இருபத்தேழு வருடம் கதைத்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. நிறஞ்சனாதான் கையை உயர்த்தினாள். "வந்திட்டான்" என்றாள். தமிழில் சொன்னாள். பெண்ணுக்கு விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், "அவன் எங்கள் மகன். எங்களுக்கு முதலே வந்துவிட்டான்."

பெண் சிரித்துக்கொண்டு பெயருக்கு நேரே ஒரு சரி போட்டாள். சனம் கலைந்து போயிற்று.

இறங்கும்வரை நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

நேசன்


நாயாறு
03.06.2025

தம்பி நேசனுக்கு,

உன் கடிதத்தில் மே பதினெட்டுக்கு அடுத்த நாள் திகதி இருந்தது. அந்தக் கிழமையில் எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. பதினெட்டாம் திகதி முள்ளிவாய்க்காலுக்குப் போய், செத்தவர்களுக்கான விளக்குக் கொளுத்திவிட்டு வந்தேன். ஒவ்வொரு வருடமும் அங்கே சும்மா நிற்பேன், கொளுத்தமாட்டேன். இந்த வருடம் ஒன்று கொளுத்தினேன். றஜித்துக்கு. பக்கத்தில் நின்றவர்கள் நான் கிறிஸ்ரிக்குக் கொளுத்துகிறேன் என்று நினைத்து, கடைசியில் கலிஸ்ராவும் ஒத்துக்கொண்டுவிட்டா என்று தங்களுக்குள் கதைத்தார்கள். நான் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது என்னை உறுத்தியது. இன்றைக்கும் உறுத்துகிறது.

என்னை மன்னித்துவிட்டதாக நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அது சரி. எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

உன் கடிதத்தில் கடலைக் கடந்த பகுதியை ஒருதரம் வாசித்தேன். ஒத்திகைப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பதினாறு வருடத்தில் கிறிஸ்ரியின் பெயரை நான்தான் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். நான் போய்ச் சொன்னால் எழுதுவார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெயர் இல்லை. தாங்களாக ஒரு பட்டியலைப் பார்த்து, இந்தப் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லையே, இவன் வரும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. உன் பிள்ளைக்கு, பிழையாக என்றாலும், ஒரு கப்பலே நின்று பார்த்திருக்கிறது.

மச்சாள் "வந்திட்டான்" என்று சொல்லியிருக்கிறா. நான் என்றால் சொல்லியிருக்கமாட்டேன். இன்னும் கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றிருப்பேன்.

நேசன், ஒன்றே ஒன்று நீ எழுதவில்லை. வெள்ளைக்காரருக்கு எங்கள் பெயர்கள் வாய்க்குள் வராது என்று சொல்வார்கள். அந்தப் பெண் அவனை எப்படிக் கூப்பிட்டாள்? பெயரைச் சரியாகச் சொன்னாளா? மறக்காமல் எழுது.

அக்கா